பொருள் மாறினால் பொருளும் மாறும்

1919 ஜனவரி 15 அன்று ஜெர்மன் கம்யூனிஸ்ட் தலைவர் கார்ல் லீப்க்நெக்ட் பெர்லினில் கொல்லப்பட்டார். அவருடைய குடும்பத்தார் கேட்டுக்கொள்ள, ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் பிணவறைக்குப் போய் அந்த முகத்தை வரைந்து வந்தார். அதை வைத்து ஒரு நினைவுப் படம் செய்ய வேண்டும். முதலில் எட்சிங்கில், அதாவது அமிலம் அரித்த உலோகத் தகட்டு அச்சில், முயன்றார், பிடிக்கவில்லை. லித்தோவுக்கு, அதாவது கல்லச்சுக்கு, மாறினார், அதுவும் நிற்கவில்லை. 1920இல் சிற்பி எர்ன்ஸ்ட் பார்லாக்கின் மரச்செதுக்கு அச்சுகளை ஒரு கண்காட்சியில் பார்த்த பிறகு உளியை எடுத்தார். இன்று நாம் பார்க்கும் படம் அந்த மூன்றாவது வடிவம்தான். கீழே வெள்ளைத் துணியில் கிடக்கும் உடல், அதன் மேல் குனிந்த தொழிலாளிகள், உடலின் மேல் வைத்த ஒரு கனத்த கை.

காட்சி மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றே. மாறியது பொருள் மட்டும்: தகடு, கல், மரம். ஏன் முதல் இரண்டும் சரிவரவில்லை என்பதைப் புத்தகத்தில் படித்துப் புரிந்துகொள்வது கடினம். மூன்று பொருளையும் கையில் பிடித்துப் பார்த்தால் ஒரு மதிய நேரத்தில் விளங்கிவிடும்.

எட்சிங்கில் செம்பு அல்லது துத்தநாகத் தகட்டின் மேல் மெழுகுப் பூச்சு இருக்கும். ஊசி அந்தப் பூச்சை மட்டுமே கீறும். உலோகத்தை அரிப்பது அமிலம். ஆகவே கைக்கு எதிர்ப்பே தெரியாது. கோடு வழுக்கிக்கொண்டு ஓடும், இன்னும் ஒரு சுருக்கம், இன்னும் ஒரு விரல் மடிப்பு என்று விவரம் தானாகக் கூடும். துக்கத்தை விவரித்துச் சொல்ல இது நல்ல கருவி. லித்தோவில் கொழுப்புக் கிரேயான் கல்லின் பொடிக் கரகரப்பில் உரசும். கரித்துண்டு போல மெல்லிய சாம்பல் நிறத்திலிருந்து அடர்கறுப்புவரை இழைந்து போகலாம். அங்கே துக்கம் மென்மையாகிவிடும்.

மரத்தில் இரண்டுமே நடக்காது. மை தடவிய பலகை முழுக் கறுப்பு. நீங்கள் வெட்டி எடுப்பதுதான் வெளிச்சம். ஒரு முகம் தெரிய வேண்டுமென்றால் அதை இருட்டிலிருந்து பெயர்த்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு வெள்ளைக் கோட்டுக்கும் உடலுழைப்பு உண்டு என்பதால் தேவையில்லாத கோடு வராது. போரைப் பற்றிய வரிசையையும் கோல்விட்ஸ் எட்சிங், லித்தோ என்று தொடங்கிக் கடைசியில் மரத்துக்கே கொண்டுபோனார். 1914 அக்டோபரில் போர்முனையில் இறந்த மகன் பீட்டரின் நினைவு பின்னால் நிற்கும் ஏழு மரச்செதுக்குகள் அவை. அதில் 'பெற்றோர்' என்ற படத்தில் இரண்டு உடல்கள் ஒன்றோடொன்று சாய்ந்து ஒரே கறுப்புக் குவியலாகியிருக்கும்.

மரம்தான் உயர்ந்தது என்று இதிலிருந்து முடிவுகட்ட வேண்டாம். 1924இல் 'போர் இனி வேண்டவே வேண்டாம்' என்ற சுவரொட்டியை அதே கோல்விட்ஸ் லித்தோவில்தான் செய்தார். தூக்கிய கை, திறந்த வாய், கிரேயான் வேகமாக இழுத்த எழுத்து. அது உரக்கக் கூப்பிடும் குரல். செதுக்கினால் அந்த வேகம் போய்விடும்.

பலகையோடு பழகுவது

முதல் பலகைக்குப் பைன் மரமே போதும். இறக்குமதிப் பெட்டிகளைப் பிரித்து விற்கும் கடைகளில் கிடைக்கும். 18 முதல் 20 மி.மீ. தடிமன், முடிச்சு குறைவாக, வளையாமல் இருந்தால் சரி. லினோலியம் வாங்கலாமே என்று தோன்றும். அது எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி வெட்டுப்படும்; பழகுவதற்கு எளிது, ஆனால் எதிர்த்துப் பேசாது. கண்ணில் தெரிவதைவிட மனத்தின் உணர்ச்சியை வரைய முயன்ற எக்ஸ்பிரஷனிஸ்டுகளுக்கு வேண்டியிருந்தது அந்த எதிர்ப்பு. பைன் மரத்தில் வேகமாக வளர்ந்த மென்பகுதியும் மெதுவாக வளர்ந்த வன்பகுதியும் மாறி மாறி ரேகையாக ஓடும். ரேகையோடு வெட்டும்போது உளி ஓடும், குறுக்கே போனால் ஒவ்வொரு வன்கோட்டிலும் முட்டித் துள்ளும். கிர்ஷ்னர், ஹெக்கல், ஷ்மிட்-ரோட்லுஃப் ஆகியோரின் முகங்கள் கோணல்மாணலாக, முனை முனையாக இருப்பதில் பாதிப் பங்கு இந்த முட்டலுக்கு. வளைவான கன்னத்தைச் சுத்தமாக வெட்ட மரம் இடம் கொடுக்காது. அவர்கள் அதோடு சண்டை போடாமல் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். டிரெஸ்டனில் 1905 ஜூன் 7 அன்று தொடங்கிய அவர்களுடைய 'பாலம்' குழு, அடுத்த ஆண்டு தன் கொள்கை அறிக்கையைக்கூட அச்சுக் கோக்கவில்லை. கிர்ஷ்னர் எழுத்து எழுத்தாக மரத்தில் செதுக்கினார்.

வேலைமுறை இப்படி. வரைபடத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றிப் பலகையில் ஏற்றுங்கள். எழுத்து இருந்தால் இரண்டு முறை சரிபாருங்கள். எல்லோரும் ஒரு தடவையாவது இதில் ஏமாறுவார்கள். பலகை முழுக்க நீர்த்த கறுப்பு மை பூசிக் காயவிட்டுப் பிறகு வெட்டினால், வெட்டிய இடம் வெளிறித் தெரியும், அச்சு எப்படி வரும் என்பது அப்போதே கண்ணில்படும். முதலில் கத்தியால் விளிம்பைச் சாய்வாக வெட்டுங்கள். சாய்வு கோட்டைத் தாங்கும் பக்கமாக இருக்க வேண்டும், அதாவது அடிப்பக்கம் அகலமாக. நேர்க்குத்தாகவோ உள்வாங்கியோ வெட்டினால் மெல்லிய கோடு பத்தாவது அச்சில் பிய்ந்து வந்துவிடும். பிறகு வி வடிவ உளி, கடைசியில் யு வடிவ உளி. குறுகிய இடங்களில் 2 மி.மீ. ஆழம் போதும், அகலமான வெள்ளையில் 3 முதல் 4 மி.மீ. வரை இறங்குங்கள், இல்லையென்றால் ரோலர் உள்ளே தொட்டு மை பூசிவிடும். அந்தச் சிதறல் மையை எல்லா நேரமும் துடைத்தாக வேண்டும் என்பதில்லை. உளி போன திசையை அது காட்டும். பின்னணி அதிர்வதுபோல் இருக்கும். பல ஜெர்மன் அச்சுகளில் அதை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள்.

கால் மணிக்கு ஒருமுறை உளியைத் தோல்பட்டையில் தீட்டுங்கள். மழுங்கிய உளி மென்பகுதியை வெட்டாது, நசுக்கிப் பிய்க்கும். முரட்டுத்தனமான படம் வேண்டும் என்பதற்காக முரட்டுக் கருவி எடுப்பவர்கள் உண்டு. அது தப்பு. கூரான உளியின் முரட்டு வெட்டுக்கு ஒரு தீர்மானம் இருக்கும். மழுங்கிய உளியின் வெட்டு வெறும் அலங்கோலம். கையிரண்டும் உளியின் பின்னால் இருக்கட்டும், முன்னால் ஒரு விரல்கூட வேண்டாம்.

மர ரேகையையே படமாக்கியவர் நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்க். 'முத்தம்' என்ற அச்சின் 1902 வடிவத்தில் இரண்டு பலகைகள். ஒன்றில் தழுவி நிற்கும் இருவரின் கறுப்பு உரு. மற்றொன்றில் எதுவுமே செதுக்கவில்லை. ரேகை மட்டும் சாம்பல் நிறத்தில் மழைபோல இறங்குகிறது. இரண்டு முகங்களும் ஒன்றாகக் கரைந்த அந்த உருவைச் சுற்றி ஒரு உலகம் இருக்கிறது, அது மரம்தான். இதைச் செய்து பார்க்க, ரேகை தெளிவான பலகையைக் கம்பி பிரஷால் ரேகையின் போக்கில் பத்து நிமிடம் அழுத்தித் தேயுங்கள். மென்பகுதி குழிந்து வன்கோடு மேலெழும். மை மிக மெல்லியதாக, ரோலர் பலகையில் உருளும்போது சலசலவென்று மெல்லிய சத்தம் வரும் அளவுக்கு மட்டும். சொதசொதவென்று சத்தம் வந்தால் மை அதிகம், ரேகை அடைத்துப்போகும். சதுர மீட்டருக்கு 40 முதல் 60 கிராம் எடையுள்ள ஜப்பானியத் தாளை மேலே போட்டு, மரக் கரண்டியின் முதுகால் தேயுங்கள். கனத்த கார்ட்ரிட்ஜ் தாளில் ரேகை வராது, பிரஸ் இருந்தால் ஒழிய.

மூங்கின் இன்னொரு வழி, பலகையையே ரம்பத்தால் அறுப்பது. 1899இன் 'தனித்தவர்கள்' அச்சில் கடற்கரையில் நிற்கும் ஆணும் பெண்ணும் தனித்தனித் துண்டுகளோடு பிணைந்தவர்கள். துண்டுகளை வேறு வேறு நிறத்தில் மை பூசி, திரும்பச் சேர்த்து ஒரே தடவையில் அச்சடித்தார். ரம்பம் தின்ற இடம் மை ஏறாமல் வெள்ளைக் கோடாக நிற்கும். அந்தக் கோடு யாரும் வரைந்ததல்ல, ஆனால் இருவருக்கும் நடுவே இருக்கும் பிரிவு அதில்தான் தெரிகிறது. செய்யும்போது மிக மெல்லிய கம்பி ரம்பப் பல்லைப் போடுங்கள், 1 மி.மீக்கு மேல் இடைவெளி போனால் படம் துண்டு துண்டாகச் சிதறும். சேர்க்கும்போது நழுவாமலிருக்கச் சுற்றிலும் மரச்சட்டம் அடித்துக்கொள்வது நல்லது.

அட்டை, முட்டை, மெழுகு

மூங்கின் 1893 'அலறல்' கேன்வாஸில் இல்லை. 91 × 73.5 செ.மீ. அளவுள்ள அட்டையில் எண்ணெய் வண்ணம், தண்ணீரில் கரையும் டெம்பரா, கிரேயான் ஆகியவற்றின் கலவை. அட்டைக்கு அடிப்பூச்சு கிடையாது. பல இடங்களில் அதன் பழுப்பு அப்படியே தெரிகிறது. வண்ணம் நீர்த்து அட்டைக்குள் இறங்கிவிட்டது. வானம் ஈரமாகப் பளபளத்திருந்தால் அது அந்திநேரக் காட்சி ஆகியிருக்கும். மங்கி, வறண்டு, பொடியாக இருப்பதால்தான் மூச்சு முட்டுவதுபோல் ஓர் உணர்வு. படத்தின் மேல் உள்ள வெள்ளைத் தெறிப்புகளைப் பறவை எச்சம் என்றே பலகாலம் சொல்லிவந்தார்கள். 2016இல் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழக ஆய்வு அது மெழுகு என்று காட்டியது. படங்களை மழையிலும் பனியிலும் வெளியே போட்டுவைத்து அதைக் 'குதிரை வைத்தியம்' என்று அழைத்த மனிதர் விஷயத்தில் மக்கள் பறவைக் கதையை நம்பியதில் வியப்பில்லை.

வண்ணத்தைச் சுரண்டுவதும் மூங்குக்கு ஒரு பொருள்தான். 1877இல் இறந்த அக்கா சோஃபியின் நினைவில் 1885-86இல் வரைந்த 'நோயுற்ற சிறுமி'யில் வண்ணத்தை மீண்டும் மீண்டும் பூசி, மீண்டும் மீண்டும் கீறியிருக்கிறார். கீறல்கள் முகத்துக்கும் நமக்கும் நடுவே திரைபோல் நிற்கின்றன. பின்னாளில் அதையே பலமுறை திரும்ப வரைந்தபோது கீறல் குறைந்தது. முதல் படத்தின் அந்த வலி பின்னவற்றில் இல்லை என்பது என் கணிப்பு.

அட்டையில் வேலை செய்ய 2 முதல் 3 மி.மீ. பழுப்பு அட்டை எடுங்கள். நீண்டநாள் நிற்க வேண்டுமென்றால் அமிலமற்றது. ஒரு பக்கம் மட்டும் நனைந்தால் அட்டை வளையும், எனவே முன்னும் பின்னும் மிக நீர்த்த பசை ஒரு பூச்சு. நேரடியாக எண்ணெய் வண்ணம் போட்டால் எண்ணெய் அட்டைக்குள் ஊறி, கோட்டைச் சுற்றி மஞ்சள் வளையம் விழும். வருடங்கள் போகப் போக அந்த இடம் கறுத்து நொறுங்கும். முட்டை டெம்பரா அதற்கு மாற்று. ஒரு முழு முட்டையை மூடியுள்ள பாட்டிலில் ஊற்றிக் குலுக்குங்கள். முட்டையின் அளவுக்குச் சமமாக ஆளிவிதை எண்ணெயைச் சிறிது சிறிதாக விட்டு, ஒவ்வொரு முறையும் குலுக்குங்கள். பிறகு இரண்டு மடங்கு தண்ணீர், அதையும் சிறிது சிறிதாக. எண்ணெயை ஒரேயடியாகக் கொட்டினால் திரிந்துவிடும், மறுபடி சேராது. இதோடு வண்ணப்பொடியைக் குழைத்தால் தண்ணீரில் கரையும், காய்ந்தபின் பளபளப்பு இருக்காது. நம் வெயிலில் அன்றன்றைக்குச் செய்வதே நல்லது, ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள்.

பளபளப்பு வேண்டாத கிர்ஷ்னர்

எர்ன்ஸ்ட் லூட்விக் கிர்ஷ்னர் எண்ணெய் வண்ணத்தையே எண்ணெய் மாதிரி தெரியாதபடி பயன்படுத்தினார். வண்ணத்தை பெட்ரோலில் நீர்க்க வைத்து, கொஞ்சம் மெழுகு சேர்த்து, உறிஞ்சும் சுண்ணாம்பு அடிப்பூச்சின் மேல் விறுவிறுவென்று போட்டார். அடிப்பூச்சு எண்ணெயை உடனே குடித்துவிடும். வண்ணம் நிமிடங்களில் இறுகும். அதன் விளைவு 1913 முதல் 1915 வரையான பெர்லின் தெருப் படங்களில் தெரியும். 'பாட்ஸ்டாமர் பிளாட்ஸ்' 200 × 150 செ.மீ., அவ்வளவு பெரிய பரப்பில் தூரிகைக் கோடுகள் இறகுபோல் பக்கம் பக்கமாக நிற்கின்றன, ஒன்றோடொன்று குழையவில்லை. குழைய நேரமே இல்லை. பச்சை முகங்களும் கூரான தோள்களும் அந்த நகரத்தின் படபடப்பு என்கிறோம். அந்தப் படபடப்பில் ஒரு பகுதி வண்ணம் காயும் வேகம். சாதாரண வெள்ளை அடிப்பூச்சுள்ள கடைக் கேன்வாஸில், டியூபிலிருந்து அப்படியே பிழிந்த வண்ணத்தில் இதைப் போலச் செய்ய முயன்றால் பத்தாவது கோட்டில் எல்லாம் சேறாகும். ஆள் திறமை இல்லாததால் அல்ல, அடிப்பூச்சு குடிக்காததால்.

அடிப்பூச்சுக்கு முயல்தோல் பசை 70 கிராம், தண்ணீர் 1 லிட்டர். இரவு முழுக்க ஊறட்டும், காலையில் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்குங்கள். கொதிக்கக் கூடாது; 60 டிகிரி தாண்டினால் பசையின் பிடிப்புப் போகும். தச்சர் பயன்படுத்தும் வஜ்ஜிரமும் இதே இனம்தான், ஆனால் அழுக்கும் எலும்புப் பசையும் பெரும்பாலும் கலந்திருக்கும், காய்ந்தால் சீக்கிரம் நொறுங்கும். முதலில் கேன்வாஸில் பசை மட்டும் ஒரு பூச்சு. காய்ந்ததும், சூடான பசை ஒரு பங்கு, சாக்குப்பொடி (கால்சியம் கார்பனேட்) ஒரு பங்கு, ஜிங்க் வெள்ளை ஒரு பங்கு, மூன்றும் கொள்ளளவில். பொடியைப் பசைக்குள் தூவி ஊறவிட்டு மெதுவாகக் கலக்குங்கள். அடித்துக் கலக்கினால் காற்றுக் குமிழி ஏறி, காய்ந்தபின் குண்டூசித் துளைகளாக நிற்கும். மெல்லியதாக இரண்டு பூச்சு போதும். மூன்று நான்கு போட்டால் துணியில் வெடிக்கும், அந்தக் கேன்வாஸைச் சுருட்டவே முடியாது. சென்னை போன்ற ஈரக்காற்று ஊரில் பசை ஒரே நாளில் நாறும், காயாத கேன்வாஸில் பூஞ்சை பிடிக்கும். அடைமழை நாளில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

வண்ணத்தைப் பிழிந்து, மையொற்றும் தாளின் மேல் ஒரு மணி நேரம் வையுங்கள். கூடுதல் எண்ணெய் தாளில் இறங்கும். பெட்ரோல் அவர் காலத்து வழக்கம், நமக்கு வேண்டாம். தீப்பற்றும், ஆவியும் கெடுதல். வாசனை நீக்கிய மினரல் ஸ்பிரிட் போதும். மெழுகுக் கலவைக்குத் தேன்மெழுகு ஒரு பங்கு, டர்பன்டைன் மூன்று பங்கு, எடைக்கணக்கில். மின்அடுப்பில், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள், ஜன்னலைத் திறந்துவைத்து. நெருப்பு அடுப்பில் ஒருபோதும் வேண்டாம். வண்ணத்தில் பத்தில் ஒரு பங்கு இந்தக் கலவை. அதற்கு மேல் போனால் பரப்பு மெத்தென்றே இருந்து தூசியை ஒட்டவைக்கும். எண்ணெயை அளவுக்கு மீறி எடுத்துவிட்டால் நேரெதிர்க் கோளாறு: காய்ந்தபின் விரலில் வண்ணம் பொடியாக வரும். வெள்ளைத் துணியால் ஓரத்தில் லேசாகத் தொட்டுப் பாருங்கள். நிறம் ஒட்டினால் அடுத்த முறை ஒற்றும் நேரத்தைப் பாதியாக்குங்கள்.

இப்படிச் செய்த படம் காய்ந்ததும் மங்கும். அடர்நீலமும் கறுப்பும் சாம்பல் பூத்ததுபோல் ஆகும். பயந்துபோய் வார்னிஷை எடுப்பவர்கள்தான் அதிகம். கிர்ஷ்னர் தன் படங்களுக்கு வார்னிஷ் வேண்டாம் என்றிருந்தவர். பிற்காலத்தில் பலருடைய கையில் அந்தச் சொல் மதிக்கப்படவில்லை. மங்கிய பரப்பில் நுண்ணிய குழிகள் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கின்றன, அதனால் எல்லா நிறமும் ஒரே சுவரில் நிற்பதுபோல் தெரியும். வார்னிஷ் குழிகளை நிரப்புகிறது. உடனே கறுப்பு ஆழமாகும், சிவப்பு முன்னே தள்ளும், படத்துக்குள் ஒரு பள்ளம் திறக்கும். கிர்ஷ்னர் கஷ்டப்பட்டுத் தட்டையாக்கியது மறுபடி ஜன்னலாகிவிடும். எண்ணெய் குறைந்த வண்ணத்துக்குள் வார்னிஷ் ஊறிவிடுவதால் திரும்ப எடுக்கவும் முடியாது. கரைக்கப் போனால் மெழுகும் வண்ணமும் சேர்ந்தே வரும். கிழிந்த துணியைப் பலப்படுத்த முதுகில் மெழுகுப்பிசின் ஊற்றிப் புதுத்துணி ஒட்டும் பழைய பழுதுபார்ப்பு முறையும் இதே கேட்டைப் பின்பக்கத்திலிருந்து செய்தது. உறிஞ்சும் அடிப்பூச்சு மெழுகைக் குடித்துக் கறுத்தது.

நோல்டேயின் தாள்

ஜெர்மன் ஓவியர் எமில் நோல்டே சொட்டச் சொட்ட நனைந்த ஜப்பானியத் தாளில் வாட்டர்கலர் போட்டார். ஜெலட்டின் ஏற்றிய ஐரோப்பியத் தாளில் நிறம் மேலே நின்று விளிம்பு கட்டும். பசையேற்றாத ஜப்பானியத் தாளில் நாருக்குள் ஊடுருவி முதுகுவரை போகும். கடலும் பூவும் வரைந்ததாகத் தெரியாமல் ஊறி வந்ததாகத் தெரிவது அதனால். கண்ணாடி மேல் தாளை விரித்துத் தெளித்து நனையுங்கள், ஒரே தடவையில் அடர்த்தியாக நிறம் வையுங்கள், மூன்று நிறத்துக்கு மேல் ஒரே இடத்தில் சேர்க்காதீர்கள். காய்ந்தால் நிறம் கணிசமாக வெளிறும். ஈரத்தோடு தூக்கினால் கிழியும். கண்ணாடியிலேயே பாதி காயட்டும். கோடு வேண்டுமென்றால் முழுக்கக் காய்ந்தபின் மையில்.

பொருளைப் பற்றிய கதையை எப்போதும் நம்பிவிடக் கூடாது என்பதற்கும் நோல்டேதான் உதாரணம். 1941இல் அவருக்குத் தொழில் தடை வந்தது. எண்ணெய் வண்ணத்தின் வாசனை காட்டிக்கொடுக்கும் என்பதால் ஒளிந்து சிறு தாள்களில் வாட்டர்கலர் வரைந்தார், அவையே 'வரையாத படங்கள்' என்ற கதை பலகாலம் நிலைத்தது. அவருடைய 1,052 படைப்புகளை நாஜிகள் 1937இல் அருங்காட்சியகங்களிலிருந்து பறித்தது உண்மை. அவரே நாஜிக் கட்சி உறுப்பினர், யூத வெறுப்பாளர் என்பதும் உண்மை. 2019இல் பெர்லின் ஹாம்பர்கர் பான்ஹாஃபில் நடந்த கண்காட்சி அந்தக் கதையில் எவ்வளவு பின்னாளைய அலங்காரம் என்று ஆவணங்களோடு காட்டியது. அந்தச் சிறு தாள்கள் அழகானவை. அந்த அழகுக்கு ஊறும் தாள் காரணம், தலைமறைவு அல்ல.

முடித்த படத்துக்கு

வார்னிஷ் இல்லாத படத்துக்குப் பாதுகாப்பு கண்ணாடிச் சட்டம்தான். கண்ணாடி படத்தைத் தொடாமல் 4, 5 மி.மீ. இடைவெளிக் கட்டை வையுங்கள். தொட்டால் மெழுகு ஒட்டும். மங்கல் பரப்பைத் துணியால் துடைக்காதீர்கள், தேய்த்த இடம் மினுக்கும். மென்மயிர் பிரஷ் போதும். காட்மியம் மஞ்சள் வாங்கினால் நல்ல தரமாக வாங்குங்கள். மூங்கின் 1910 'அலறல்' படத்தில் அந்த மஞ்சள் வெளிறி உதிர்வதற்கு வெளிச்சத்தைவிடக் காற்றின் ஈரமே முக்கியக் காரணம், குளோரைடு கலந்த தூய்மையற்ற வண்ணம் அதற்கு இடம்கொடுத்தது என்று 2020இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஈரப்பதத்தை 45 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறார்கள். கடலோர வீட்டில் அது நடக்கிற காரியமில்லை; வெளிச்சுவரில் மாட்டாமல் உட்சுவரில் மாட்டி, சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே மூலைக்கொரு கார்க் துண்டு ஒட்டினால் முதுகில் காற்றாவது ஓடும். பின்புறச் சட்டத்தில் பென்சிலால் நான்கு விஷயம் எழுதிவையுங்கள்: அடிப்பூச்சு என்ன, வண்ணத்தில் என்ன கலந்தீர்கள், எந்த ஆண்டு, வார்னிஷ் பூசக் கூடாது.